பவுண்டரி வேலையில் இருந்துகொண்டே என்.டி.டி.யில் (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் துறையில்) ஆராய்ச்சி: எந்தப் பக்கம் போவது?

கணபதி காஸ்டிங் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதி பக்கம் ஒரு எஸ்.ஜி. அயர்ன் (கிராஃபைட் உருண்டையா இருக்கற வார்ப்பிரும்பு) பவுண்டரியில ஏழு வருசமா குவாலிட்டியில இருக்கேன். வால்வு பாடி, பம்பு கேசிங், டிராக்டர் ஹப், இப்படித்தான் எங்க காஸ்டிங். யூ.டி. (அல்ட்ராசவுண்ட்), எம்.பி.ஐ. (காந்தத் துகள்), டை பெனட்ரண்ட் (விரிசல்ல சாயம் ஊறவெச்சுப் பார்க்கறது) மூணு சோதனையிலயும் லெவல் டூ சான்றிதழ் முடிச்சிருக்கேன்.

இப்ப வேலையை விடாம பகுதிநேரமா பி.எச்டி. பதிஞ்சிருக்கேனுங்க. எங்க கைடு ஒரு மாசம் தவணை குடுத்து, "என்.டி.டி.யில எந்தப் பகுதின்னு நீயே யோசிச்சுட்டு வா"ன்னு சொல்லிட்டார். தேடிப் பார்த்தா ஃபேஸ்டு அரே, தெர்மோகிராபி, கைடட் வேவ், அக்கவுஸ்டிக் எமிஷன், எக்ஸ்ரே சி.டி., ஏ.ஐ.ன்னு போயிட்டே இருக்குது. கூடப் படிக்கிறவங்க எல்லாரும் ஏ.ஐ.ங்கிறாங்க.

எங்கிட்ட இருக்கிறது ஒரு சாதா டிஜிட்டல் யூ.டி. மெஷின், ஒரு திக்னஸ் கேஜ், எம்.பி.ஐ.க்கு ஒரு யோக் காந்தம். அதோட, ரிஜெக்ட் ஆன காஸ்டிங் எவ்வளவு வேணும்னாலும் இருக்கு. இதை வெச்சு உருப்படியா என்ன பண்ணலாம்? இந்தத் துறையில ஊறினவங்க சொல்லுங்க.

சூலூர் டர்னிங்

ஏ.ஐ. எடுங்க தம்பி. எக்ஸ்ரே படத்தைக் குடுத்தா பிளோ ஹோல் (காத்துக் குழி) எங்கன்னு அதுவே வட்டம் போட்டுக் காட்டுது. வேலையும் சீக்கிரம் முடியும், கட்டுரையும் வெளிவரும்.

பீளமேடு பழையவர்

கண்ணு, நான் யூ.டி.யில கால் வெச்சப்ப மெஷின்ல பிக்சர் டியூப் இருந்துச்சு. வெயில்ல திரை தெரியாதுன்னு தலைக்கு மேல கறுப்புத் துணி போட்டுட்டுப் பார்ப்போம். லெவல் த்ரீ வெச்சு இருபது வருசத்துக்கு மேல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில சொல்றேன்.

திருமுருகன்பூண்டிக்குப் போயிருக்கியா? அவிநாசி போற வழியில ரோட்டோரமாவே சிலை செதுக்குவாங்க. ஸ்தபதி ஒரு கல்லை எடுத்ததும் முதல்ல உளியால தட்டித்தான் பார்ப்பார். மணி மாதிரி நாதம் வந்தா ஆண் கல், தாளம் மாதிரி வந்தா பெண் கல், சத்தம் செத்துக் கெடந்தா அது சிலைக்கு ஆகாத கல். உள்ள ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்தக் காது கண்டுபிடிச்சிரும். சந்தையில மண்பானை வாங்கற அமுச்சியும் விரலை மடக்கி ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் காசை எடுக்கும். ரயில் நின்னதும் சக்கரத்தைச் சுத்தியால தட்டிட்டுப் போவாங்களே, அதுவும் இதேதான்.

இன்னைக்கு அதுக்கு அக்கவுஸ்டிக் ரெசனன்ஸ்னு பேரு. காஸ்டிங்கை ஒரு தட்டு தட்டி, மைக்குல சத்தத்தை வாங்கி, எந்தெந்த அலைவெண்ல அது பாடுதுன்னு பார்க்கறாங்க. எஸ்.ஜி. அயர்ன்ல கிராஃபைட் உருண்டையா இருந்தா இரும்பு விறைப்பா நிக்கும், சுருதி மேல ஏறும். கிராஃபைட் புழு மாதிரி நெளிஞ்சிருந்தா விறைப்பு கொறையும், சுருதி இறங்கும். மோட்டார் வண்டியில சக்கரத்தைத் தாங்கற நக்கிளை இப்படித்தான் ஒண்ணு விடாம சோதிக்கறாங்க.

அதுல ஒரு சிக்கல் இருக்கு. சுருதி கிராஃபைட்டால மட்டும் மாறாது, அளவாலயும் எடையாலயும் கூட மாறும். உன் மோல்டு ரெண்டு கிராம் மணல் கூடக் கொறைய இருந்தா காஸ்டிங்கோட எடை மாறிப் போகும். அப்ப சுருதி இறங்கினது கிராஃபைட் கெட்டதாலயா, சுவர் மெலிஞ்சதாலயா? இதைப் பிரிச்சுச் சொல்றதுக்கே ஒரு பி.எச்டி. வேணும். உங்க பட்டறைக்குள்ளயே கெடக்கற விசயம் இது.

கணபதி காஸ்டிங்

அய்யா, நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுதுங்க. நாங்க வெலாசிட்டி, அதாவது இரும்புக்குள்ள சத்தம் ஓடற வேகம் பார்க்கறோம். ஒரு லாட்டுக்கு அஞ்சு பீஸ் எடுத்து, கேஜை ஸ்டீலுக்கு 5920-ல செட் பண்ணி வெச்சிருப்போம். வெர்னியர்ல சுவர் 25.0 மி.மீ. கேஜ்ல 26.4 காட்டினா வெலாசிட்டி நொடிக்கு 5600 மீட்டர் சுத்தி வருது, பாஸ். 27.9 காட்டினா 5300, பீஸைத் தனியா எடுத்து வெச்சிருவோம். இது ரொம்பப் பழைய முறையாச்சுங்களே, இதுல ஆராய்ச்சி என்ன இருக்கும்னு நெனச்சேன்.

பீளமேடு பழையவர்

எந்த புரோப்?

கணபதி காஸ்டிங்

டி.ஆர். புரோப்புங்க, 5 மெகாஹெர்ட்ஸ்.

பீளமேடு பழையவர்

அங்கதான் முதல் தப்பு. டி.ஆர். புரோப்புல ஒரு கிரிஸ்டல் அனுப்பும், இன்னொண்ணு வாங்கும். ரெண்டும் சாய்ஞ்சு உக்காந்திருக்கறதால சத்தம் 'வி' எழுத்து மாதிரி சரிஞ்சு போயிட்டுத் திரும்புது. கேஜ் அதுக்குத் திருத்தம் போட்டுக்கும். ஆனா அந்தத் திருத்தம் ஸ்டீலோட வெலாசிட்டிக்குப் போட்டது. ஒத்தைக் கிரிஸ்டல் புரோப் வை. ஒரு பேக் வால் எக்கோவை (எதிர்ச் சுவர்ல பட்டுத் திரும்பற சத்தத்தை) மட்டும் பார்க்காம, முதல் எக்கோவுக்கும் ரெண்டாவது எக்கோவுக்கும் இடையில இருக்கற நேரத்தை எடு. அப்ப கிரீஸோட தடிமன், புரோப்போட மூஞ்சித் தேய்மானம் எல்லாம் கணக்குல இருந்து கழண்டுரும்.

வெர்னியரையும் நம்பிக் கெட்டுப் போகாதே. 25 மி.மீ.ல 0.1 மி.மீ. தப்பு விழுந்தா வெலாசிட்டில இருபது மீட்டருக்கு மேல தப்பும். காஸ்டிங்ல டிராஃப்ட் (சுவர்ச் சரிவு) இருக்கும், ரெண்டு பக்கமும் இணையா இருக்காது. நீ பாஸ்னு சொன்ன இடம் உண்மையில எங்க நிக்குதுன்னு உனக்கே தெரியாது.

பெருந்துறை டீச்சர்

நான் மெட்டலர்ஜி சொல்லிக் கொடுக்கிறேன். பழையவர் அய்யா தொட்ட இடத்திலிருந்தே வருகிறேன்.

நீங்கள் போட்ட பட்டியலில் இருப்பவை எல்லாம் கருவிகளின் பெயர்கள், தம்பி. ஆராய்ச்சிப் பகுதியைக் கேள்வியால் பிரிக்க வேண்டும். உள்ளே குறை இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி. குறை எதுவும் இல்லாவிட்டாலும் பொருளின் தன்மை என்ன, அது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. உங்கள் வெலாசிட்டி சோதனை இந்த இரண்டாவது வகையில் வரும். மூன்றாவது கேள்விதான் மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறது: நம் சோதனை எத்தனை குறைகளைக் கோட்டை விடுகிறது?

இந்த மூன்றாவதைத் துறையில் 'கண்டறியும் நிகழ்தகவு' என்பார்கள், சுருக்கமாக பி.ஓ.டி. விமானத் துறையில் புழங்கும் அளவுகோல், 95 சதவீத நம்பிக்கையோடு 90 சதவீதம் கண்டுபிடிக்கக்கூடிய குறையின் அளவு. இதைக் காட்ட ஒரு எளிய வழி உண்டு. ஒரே அளவுள்ள குறை கொண்ட 29 துண்டுகளை இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள். 29-லும் கண்டுபிடித்தால் தேறிவிட்டார். ஒன்றைத் தவற விட்டால் 29 போதாது, 46 துண்டுகள் வேண்டும். அதில் 45-ஐயாவது கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு தவறுக்கு இன்னும் பதினேழு துண்டுகள் தேவைப்படுகின்றன.

இப்படி ஆய்வு செய்யப் பல்கலைக்கழகங்களில் ஆளுண்டு, கருவியுண்டு. இல்லாதது உண்மையான குறையுள்ள துண்டுகள். பிளாக்கில் துளை போட்டு வைத்துக்கொண்டு அதைத்தான் குறை என்கிறோம். அடி தட்டையான துளைக்கும் பஞ்சு மாதிரிப் பரவிய ஷ்ரிங்கேஜுக்கும் (உலோகம் ஆறிச் சுருங்கும்போது விழும் குழிகளுக்கும்) எக்கோவில் எந்த ஒற்றுமையும் கிடையாது. நீங்கள் "ரிஜெக்ட் ஆன காஸ்டிங் எவ்வளவு வேணும்னாலும் இருக்கு" என்று சாதாரணமாக எழுதியதைப் படித்ததும் எனக்கு ஏக்கமாகப் போய்விட்டது.

ஏ.ஐ. பற்றி ஒன்று. காஸ்டிங் எக்ஸ்ரேக்குப் பொதுவில் கிடைக்கும் படத்தொகுப்புகளில் பெயர் பெற்றது, சிலி நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று 2015-ல் வெளியிட்டது. மொத்தம் 19,000-க்கும் மேற்பட்ட படங்கள். அதில் காஸ்டிங் பகுதியில் பெரும்பாலும் அலுமினிய வண்டிச் சக்கரங்களும் நக்கிள்களும். எங்கள் மாணவர்கள் அதில் ஏ.ஐ. மாடலைப் பயிற்றுவித்து 98 சதவீதம் என்று எழுதிக் கொண்டு வருகிறார்கள். அதே மாடலிடம் ஒரு வார்ப்பிரும்பு வால்வு பாடியின் படத்தைக் கொடுத்தால் தடுமாறுகிறது. நான் ஏ.ஐ.க்கு எதிரி அல்ல. ஆனால் நம் ஊர்க் குறைகளைச் சேகரித்து, வெட்டிப் பார்த்து, எது என்ன என்று உண்மை எழுதி வைக்காதவரை அதற்குக் கற்றுக் கொடுக்க நம்மிடம் பாடமே இல்லை.

மேட்டூர் பாய்லர்

டீச்சரம்மா சொன்ன ரெண்டாவது கேள்வியிலதான் என் வாழ்க்கையே ஓடுதுங்க. அனல் மின் நிலையங்கள்ல ஹெடரையும் (பல குழாய் வந்து சேர்ற பெரிய குழாய்) நீராவிக் குழாயையும் ஷட்டவுன்ல சோதிக்கற வேலை. 540 டிகிரியில வருசக்கணக்கா அழுத்தத்தைத் தாங்கி நிக்கற உருக்கு அது. விரிசல் விழறதுக்கு முந்தியே உள்ளுக்குள்ள தளர ஆரம்பிச்சிரும், நுண்ணிய குழிகள் கோத்துக்கும். சாதா யூ.டி.யில 4 மெகாஹெர்ட்ஸ் வெச்சா அலைநீளமே ஒன்றரை மி.மீ. மைக்ரான் கணக்குல இருக்கற குழி அதுக்கு எங்க தெரியும்? அதனால மேற்பரப்பை மெருகேத்தி, ஆசிட் வெச்சு, பிளாஸ்டிக் படலத்துல ரெப்ளிகா எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கறோம். அதுல மேல்தோல் மட்டும்தான் தெரியும்.

இங்கதான் நான்லீனியர் அல்ட்ராசவுண்டுன்னு ஒரு ஆராய்ச்சிப் பகுதி வளர்ந்திருக்குது. ஒரு அலைவெண்ல அனுப்பி, அதோட இரட்டிப்பு அலைவெண் எவ்வளவு முளைச்சு வருதுன்னு அளக்கறாங்க. உருக்கு தளரத் தளர அந்த இரட்டிப்பு ஏறும்ங்கறதுதான் அடிப்படை. ஆய்வுக்கூடத்துல அழகா வருது. ஃபீல்டுக்கு வந்தா புரோப்பை அழுத்தற கை கொஞ்சம் மாறினாலே அளவு மாறிப்போகுது, ஆம்பிளிஃபயரே இரட்டிப்பை உண்டாக்கி விட்டுருது. சாரத்து மேல நின்னுட்டு, வேர்வை சொட்டச் சொட்ட வேலை செய்யற கைக்கு ஏத்த மாதிரி அதை ஆக்கித் தர்றவங்களுக்கு நான் காலத்துக்கும் கடன்பட்டிருப்பேன்.

கணபதி காஸ்டிங்

அண்ணா, ஃபேஸ்டு அரேல நீங்க வேலை செஞ்சிருக்கீங்களா? எங்க ஓனர் ஒண்ணு வாங்கலாமான்னு கேட்டுட்டு இருக்கார்.

மேட்டூர் பாய்லர்

தினமும் அதுதானுங்க. ஒரே புரோப்புக்குள்ள 16, 32, 64ன்னு குட்டிக் குட்டிக் கிரிஸ்டல் வரிசையா இருக்கும். வள்ளிக் கும்மி பார்த்திருப்பீங்க. எல்லாரும் ஒண்ணாக் காலெடுத்து வெச்சா வரிசை நேராப் போகும். ஒரு கோடியில இருந்து ஒவ்வொருத்தரும் இம்மி தாமதிச்சு அடி வெச்சா வரிசை வளைஞ்சு திரும்பும். இதுவும் அப்படித்தான். எந்தக் கிரிஸ்டல் எப்ப அடிக்கணும்னு நேரத்தை மாத்தி மாத்தி, புரோப்பை நகர்த்தாமலே அலையைத் திருப்பலாம், ஒரு புள்ளியில குவிக்கலாம்.

இப்ப அதுக்கும் மேல போய், ஒவ்வொரு கிரிஸ்டலாத் தனித்தனியா அடிக்க வெச்சு, எல்லாக் கிரிஸ்டலும் கேட்டதைச் சேமிச்சுக்கறாங்க. 64-க்கு 64, மொத்தம் 4096 சிக்னல். அப்புறம் படத்துல ஒவ்வொரு புள்ளியிலயும் கம்ப்யூட்டரே குவிச்சுப் பார்த்துக்கும். டி.எஃப்.எம்.னு பேரு. வெல்டிங்ல அற்புதமா இருக்குது.

ஆனா உங்க காஸ்டிங்குக்கு அவசரப்பட்டு வாங்க வேண்டாம்னுதான் சொல்லுவேன். மேற்பரப்பு சொரசொரன்னு இருக்கும், வளைவு வேற. புரோப் ஒழுங்கா உக்காரலீன்னா 64 கிரிஸ்டலும் வீண்தான்.

பெருந்துறை டீச்சர்

ஒரு சேர்க்கை. உங்கள் ஊரிலேயே ஸ்டெயின்லெஸ், டூப்ளெக்ஸ் வால்வு காஸ்டிங் போடும் பட்டறைகள் நிறைய. அந்த உலோகத்தில் மணிகள் (உள்ளே இருக்கும் படிகத் துணுக்குகள்) பெரியவை. அலை ஒவ்வொரு மணி எல்லையிலும் சிதறித் திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி இரைச்சல் வரும். அலைவெண்ணை 1, 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இரைச்சல் குறையும், சின்னக் குறையும் தெரியாமல் போகும். உலகம் முழுக்க இன்னும் முழுதாகத் தீராத பிரச்சினை இது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேக ஈனுலைக்கான ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சோதிக்கும் தேவையால் இதில் ஆழமாகப் போயிருக்கிறார்கள். அங்கே இந்தத் துறையைக் கட்டி வளர்த்தவர்களில் முதன்மையானவர் மறைந்த பல்தேவ் ராஜ். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே போய் ஒருமுறை பேசிவிட்டு வாருங்கள்.

பல்லடம் காத்தாடி

எங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. பல்லடம், உடுமலை சுத்தி எத்தனை காத்தாலை நிக்குது! இறக்கை கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது. உள்ள ஒட்டின பசை விட்டுப் போச்சுன்னா வெளியில தெரியாது. இப்பவும் கயித்துல தொங்கிட்டு, காசு வெச்சுத் தட்டித் தட்டித்தான் பார்க்கறோம். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப மேல ஏறவே முடியாது. வெயில் ஏற ஏற இறக்கை சூடாகறப்ப, கீழ நின்னுட்டே தெர்மல் கேமராவுல பசை விட்ட இடத்தைப் பிடிக்க முடியுமான்னு யாராவது ஆராய்ச்சி பண்ணுங்க. ஒரு உசுரு மேல தொங்கறது மிச்சமாகும்.

குறிச்சி ஆர்.எஸ்.ஓ.

நான் ரேடியோகிராபி, சிட்கோ பக்கம். பெண்கள் கொஞ்சம் பேர்தான் இந்த வேலையில, அதனால யாராவது தங்கச்சிங்க படிச்சுட்டு இருந்தா தைரியமா வாங்க.

தம்பி, ஆர்.டி. (கதிர் பாய்ச்சிப் படம் எடுக்கற ரேடியோகிராபி சோதனை) பத்தி யாரும் சொல்லலியேன்னு எழுதறேன். நாங்க வைக்கற இரிடியம்-192 கதிர் சோர்ஸுக்கு அரை ஆயுசு 74 நாள். அதாவது பொங்கலுக்கு வாங்கின சோர்ஸ் பங்குனி முடியறதுக்குள்ள பாதியாயிரும், அதே ஷாட்டுக்கு ரெண்டு மடங்கு நேரம் வைக்கணும். ஃபிலிமை விட்டுட்டு டிஜிட்டல் டிடெக்டருக்கு மாறினா எக்ஸ்போஷர் நேரம் நல்லாக் கொறையுது, ஆளுக்கு விழற கதிரும் கொறையுது. ஆனா எங்களுக்கு மனசுக்கு ஒப்பாத ஒரு விசயம் இருக்கு. மானிட்டர்ல கான்ட்ராஸ்ட்டை ஏத்தினா இல்லாத குறை தெரியுது, இறக்கினா இருக்கற குறை மறையுது. ஒரே படத்தை மூணு பேர் பார்த்து மூணு தீர்ப்பு சொல்றோம். இதை யாராவது முறையா அளந்து எழுதணும்.

இன்னொண்ணு, இது பவுண்டரிக்காரங்க எல்லாருக்கும். நீங்க ஸ்கிராப் வாங்கி உருக்கறீங்க. 2010 ஏப்ரல்ல டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குக் கோபால்ட்-60 வந்து சேர்ந்து ஒருத்தர் செத்தே போனார். அந்த மாதிரி ஒரு துண்டு உங்க பர்னஸுக்குள்ள போச்சுன்னா மொத்த ஹீட்டும் (அந்தத் தடவை உருக்கின இரும்பு பூராவும்) கதிரியக்கம் உள்ளதாயிரும். கேட்டுல கதிர்வீச்சைக் காட்டற ஒரு சர்வே மீட்டர் வையுங்க. நெசமாக் கேட்டுக்கறேன்.

அரசூர் பட்டறை

நான் சின்னப் பவுண்டரி நடத்தறவன். எல்லாம் படிச்சேன். டீச்சர் மேலயும் பழையவர் அய்யா மேலயும் மரியாதை இருக்குது. ஆனா ஒண்ணு கேக்கறேன். கிராஃபைட் கெட்டுப் போச்சுன்னு காஸ்டிங் ஆறி, உதறி, ஷாட் பிளாஸ்ட் பண்ணி, கிரைண்டிங் முடிஞ்ச பொறகு சொல்றதுல எனக்கு என்ன லாபம்? கரண்டு போச்சு, மணல் போச்சு, கூலி போச்சு. லேடில்ல (உருகின இரும்பு ஊத்தற வாளி) கிராஃபைட்டை உருண்டையாக்கற மெக்னீசியம் போட்டுப் பத்து நிமிசத்துக்குள்ள ஊத்தி முடிக்கணும். அதுக்கு மேல மெக்னீசியம் அடங்கிப் போகும். கடைசி ரெண்டு மோல்டுதான் எனக்கு எப்பவும் வெசனம். ஆராய்ச்சி அந்த ரெண்டு மோல்டைப் பத்தி ஏதாவது சொன்னா எனக்குப் பிரயோசனம்.

பீளமேடு பழையவர்

நியாயமான கேள்வி. ஒவ்வொரு லேடிலுக்கும் கடைசி மோல்டுல ஒரு குட்டி லக் (நீட்டின துண்டு) ஒட்டி வார்த்து, அதை உடைச்சு எடுத்து வெலாசிட்டி பார்க்கற பழக்கம் சில இடத்துல இருக்கு. லேடிலோட வாலு நல்லா இருந்தா தலையும் நல்லாத்தான் இருக்கும். ஆனா லக் மெல்லிசு, சீக்கிரம் ஆறும்; காஸ்டிங் தடிமனு, மெதுவா ஆறும். லக்குல கிராஃபைட் உருண்டையா வந்து, தடிச்ச இடத்துல கெட்டுப் போறதும் உண்டு. லக் சொல்ற சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதைக் கணக்காச் சொன்ன ஆள் நான் பார்த்த வரைக்கும் இந்த ஊர்ல இல்ல.

பெருந்துறை டீச்சர்

அரசூர் அண்ணா கேட்டதில் ஒரு முழு ஆய்வுக் கேள்வி இருக்கிறது. வெலாசிட்டி பழைய முறைதான். கிராஃபைட் உருண்டையாக இருந்தால் 5600 சுற்றி, புழுவாக நெளிந்தால் 5300 சுற்றி, சாதா கிரே அயர்னில் இன்னும் கீழே என்பது பாடப்புத்தகம். ஆனால் சுவர் தடிமன், ஷ்ரிங்கேஜ் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை எவ்வளவு அசைக்கின்றன? 5480 என்று ஒரு பீஸ் வந்தால் பாஸா ரிஜெக்டா? கேள்வி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வெலாசிட்டி, ரெசனன்ஸ் இரண்டையும் ஒரே பீஸில் எடுத்து, பிறகு வெட்டி மைக்ராஸ்கோப்பில் நாடுலாரிட்டியை (எத்தனை சதவீத கிராஃபைட் உருண்டை என்பதை) எண்ணினால், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு கணக்குக் கிடைக்கும்.

கணபதி காஸ்டிங்

நாலு நாளா இந்த இழையைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன். நான் இதுவரைக்கும் எழுதாத ஒண்ணை எழுதிடறேன்.

மூணு வருசத்துக்கு முந்தி, நைட் ஷிப்ட். ஒரு ஹப் லாட், 200 பீஸ், விடிஞ்சா லோடு ஏத்தணும். ஒரு பீஸ்ல பேக் வால் எக்கோ வழக்கத்துல பாதிதான் நின்னுச்சு. நடுவுல குறை எக்கோ எதுவும் இல்ல, சுத்தமா இருந்துச்சு. கிரீஸ் சரியாப் புடிக்கலைன்னு நெனச்சேன். மறுபடியும் கிரீஸ் வெச்சு அழுத்திப் புடிச்சேன், கொஞ்சம் ஏறுச்சு. பாஸ் போட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு கஸ்டமர் கிட்ட இருந்து ஒரு ஹப் ரெண்டாப் பொளந்து திரும்பி வந்துச்சு. உடைஞ்ச முகத்துல பஞ்சு பஞ்சா ஷ்ரிங்கேஜ், விரல் நகத்தை உள்ள விடலாம். ஹீட் நம்பர் அந்த நைட்டோடது. யாருக்கும் அடி படல. ஆனா அது நான் பார்த்த அதே பீஸான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஏன்னா நான் எதையும் எழுதி வைக்கல.

அன்னைக்கு எனக்குத் தேவைப்பட்டது ஃபேஸ்டு அரே இல்லீங்க. எக்கோ பாதியா விழுந்தா அது எத்தனை தடவை கிரீஸால, எத்தனை தடவை ஷ்ரிங்கேஜால? இந்த ஒரு எண் என் கையில இருந்திருந்தா அந்தப் பீஸைத் தூக்கி ஓரமா வெச்சிருப்பேன்.

பீளமேடு பழையவர்

கண்ணு, இதை எழுதினதுக்கே உனக்கு நல்லது நடக்கும். இந்தத் துறையில இருக்கற ஒவ்வொருத்தருக்கும் இப்படி ஒரு ராத்திரி இருக்கு.

1989 ஜூலையில அமெரிக்காவுல சூ சிட்டிங்கற ஊர்ல ஒரு டி.சி.-10 விமானம் விழுந்து நூத்துக்கும் மேல உசுரு போச்சு. வால் எஞ்சின்ல டைட்டானியம் விசிறித் தட்டு வெடிச்சுச்சு. அந்தத் தட்டைக் கடைசியா பெனட்ரண்ட் போட்டுப் பார்த்தப்பவே, கண்ணுக்குப் படற அளவுக்கு விரிசல் அங்க இருந்திருக்கு. மருந்தும் நல்ல மருந்து, முறையும் சரியான முறை. பார்த்தது மனுசன். எவ்வளவு நேரம் பார்த்தான், எத்தனையாவது பீஸ், என்ன வெளிச்சம், அவன் மேல எவ்வளவு அவசரம்? இதுவும் என்.டி.டி. ஆராய்ச்சிதான், ரொம்பப் பெரிய பகுதி. ஆள் கொறச்சலா இருக்கறதும் இங்கதான்.

குறிச்சி ஆர்.எஸ்.ஓ.

ஆமா தம்பி. நைட் ஷிப்டுல விடியக்காலம் மூணு மணிக்குப் பார்த்த ஃபிலிமையும் காலையில பத்து மணிக்குப் பார்த்த ஃபிலிமையும் நான் ஒண்ணா நம்பமாட்டேன். அதையும் உங்க படிப்புல சேத்துக்குங்க. ஷிப்டு நேரத்தையும் குறிச்சு வையுங்க.

அரசூர் பட்டறை

தம்பி, எங்கிட்ட எட்டு மாசமாக் குவிஞ்சு கெடக்கற ரிஜெக்ட் இருக்குது. உருக்கலாம்னு வெச்சிருந்தேன். உருக்கல. ஹீட் ஷீட்டோட எடுத்துக்குங்க, வண்டி நானே அனுப்பி வைக்கறேன். பதிலுக்கு அந்த லக் கணக்கை மட்டும் எனக்கு முதல்ல சொல்லிருங்க.

கணபதி காஸ்டிங்

அண்ணா, ரொம்ப நன்றிங்க. வண்டி வந்துருச்சு.

கைடு கிட்டச் சொல்லிட்டேன். எஸ்.ஜி. அயர்ன் காஸ்டிங்ல வெலாசிட்டியும் ரெசனன்ஸும் பேக் வால் எக்கோ இறக்கமும் சேர்ந்து எவ்வளவு நம்பகமானவைங்கறதுதான் தலைப்பு. ஒத்துக்கிட்டார். ரெண்டு கேள்வி கேட்டார், ரெண்டுக்கும் இந்த இழையில படிச்சதை வெச்சே பதில் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை முதல் 41 பீஸ் எடுத்து, ரெண்டு பக்கமும் கிரைண்ட் பண்ணி, ஒத்தைக் கிரிஸ்டல் புரோப் வெச்சு அளந்தாச்சு. நாங்க பழைய முறையில பாஸ்னு எழுதி, பின்னாடி மெஷினிங்ல வேற காரணத்துக்காக ரிஜெக்ட் ஆன பீஸும் அதுல 14 இருக்கு. அந்த 14-ல மூணு 5450-க்குக் கீழ நிக்குது. செவ்வாய்க்கிழமை பேண்ட் சா கிடைக்குது, வெட்டலாம்னு இருக்கேன்.

பீளமேடு பழையவர்

வெட்டறதுக்கு முந்தி ஒரு வேலை. ஒவ்வொரு பீஸ் மேலயும் மஞ்சப் பெயிண்டுல உன் தீர்ப்பை எழுது: பாஸ், ரிஜெக்ட், அப்புறம் எவ்வளவு உறுதியாச் சொல்றேங்கறது. போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பிரு. வெட்டின பொறகு ஒரு எழுத்தைக் கூட மாத்தக் கூடாது.

கணபதி காஸ்டிங்

எழுதிட்டேனுங்கய்யா. 41-ம் எழுதிட்டேன். ஒன்பது பீஸ்ல "தெரியல"ன்னு எழுதியிருக்கேன்.

பெருந்துறை டீச்சர்

41 படமும் வந்து சேர்ந்தன. அந்த ஒன்பதை முதலில் வெட்டுங்கள்.